கொங்கோர்டியா ஹட், ஆலெட்ச் கிளேசியர்: ஷவர் கிடையாது, படிக்கட்டு மட்டும் நானூறுக்கு மேல

ஸ்விட்சர்லாந்து போனா யுங்ஃப்ராவ்யோக் ரயில்ல மேல ஏறி, பனியில நாலு போட்டோ எடுத்து, அங்க இருக்குற இந்தியன் ரெஸ்டாரன்ட்ல ஒரு பிடி பிடிச்சுட்டு அடுத்த ரயில்ல இறங்கிடுறவங்களுக்கு இந்த ரிவ்யூ உதவாது. அங்க இருக்குற பார்வை மேடையில நின்னு, கீழ வெள்ளையா வளைஞ்சு வளைஞ்சு போகுதே அந்த கிளேசியர், அதாவது பனியாறு, அது எங்கதான் போய் முடியுது, அதுல இறங்கி நடக்க முடியுமான்னு ஒரு செகண்டாவது யோசிச்சிருந்தீங்கன்னா மேல படிங்க. முடியும். நடந்து போய், நடுவுல பாறை மேல இருக்குற கொங்கோர்டியா ஹட்ல ராத்திரி தங்கி, அடுத்த நாள் மறுபடி ஐஸ்ல இறங்கி நடந்து, மலைக்கு அந்தப் பக்கம் ஃபீஷரால்ப்ல வெளிய வந்துடலாம். ஏறுன பக்கம் பெர்ன் மாநிலம், வெளிய வர்ற பக்கம் வாலே மாநிலம், நடுவுல ஆல்ப்ஸ்லயே பெரிய கிளேசியரான ஆலெட்ச், சுமார் இருபது கிலோமீட்டர் நீளம். சாதாரணமா ரெண்டு நாள்ல முடிப்பாங்க, ஆசையும் தெம்பும் இருக்குறவங்க க்ரூன்ஹார்ன்லூக்கன்னு ஒரு கணவாயைத் தாண்டி ஃபின்ஸ்டராஹார்ன் ஹட் வரைக்கும் போய் இன்னொரு ராத்திரி சேர்த்துக்குவாங்க.

போறதுக்கு முன்னாடி இந்த மாதிரி மலை ஹட்டுங்களுக்கு ஜனங்க போட்டிருக்குற ரிவ்யூலாம் உக்காந்து படிச்சேன். ஷவர் இல்ல ஒரு ஸ்டார், வைஃபை இல்ல ரெண்டு ஸ்டார், பக்கத்து பெட்ல இருந்தவர் குறட்டை விட்டாரு ஒரு ஸ்டார், தண்ணி பாட்டிலுக்கு இவ்ளோ காசா ஒரு ஸ்டார். 2850 மீட்டர்ல, ரோடே இல்லாத இடத்துல, அரிசி பருப்புலேர்ந்து கேஸ் சிலிண்டர் வரைக்கும் ஹெலிகாப்டர்ல இறங்குற ஒரு வீட்டை ஹோட்டல்னு நெனச்சுக்கிட்டு போனா எல்லாமே குறையாத்தான் தெரியும். என் கணக்குல ஒரு ஹட்டை நாலே விஷயத்துல பார்க்கணும்: நனைஞ்ச ஷூ காயுதா, சாப்பாடு சூடா வயிறு நிறைய வருதா, நாளைக்கு வெதர் எப்படின்னு யாராவது ஒழுங்கா சொல்றாங்களா, ராத்திரி தலை சாய்க்க குளிராத இடம் இருக்கா. இந்த நாலுலயும் இந்த ஹட்டுக்கு நான் ஃபுல் மார்க் போடுறேன். மத்த புலம்பலெல்லாம் கீழ வரும், அதுல பாதி ஹட் மேல இல்ல.

மொதல்ல கைடு விஷயம். கைடு இல்லாம போலாமான்னுதான் எல்லாரும் கேக்குறாங்க, ஏன்னா காசு அங்கதான் போகுது. கிளேசியர்ல ரோப் போட்டு நடந்து, ஒருத்தர் வெடிப்புல விழுந்தா இழுத்து எடுக்கப் பழகுனவங்களா இருந்தா போலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. நம்மள மாதிரி வார நாள் முழுக்க நாற்காலியில உக்காந்துட்டு லீவுக்கு மலைக்கு வர்றவங்க கைடு இல்லாம இதுல கால் வைக்கவே கூடாது, இதுல பேச்சுக்கே இடமில்ல. மேல்பாதி முழுக்க பனி மூடியிருக்கும், பார்க்க வழவழன்னு மைதானம் மாதிரி இருக்கும், அதுக்கு அடியில எங்க வெடிப்பு இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. கிளேசியர் நின்னுக்கிட்டு இருக்குற சமாச்சாரம் இல்ல, கொங்கோர்டியா பக்கத்துல வருஷத்துக்கு கிட்டத்தட்ட 180 மீட்டர் நகருது, நடுவுல வேகமாவும் ஓரத்துல பாறையில உரசிக்கிட்டு மெதுவாவும் போறதால ஐஸ் தாங்க முடியாம கிழியுது, அந்தக் கிழிசல்தான் வெடிப்பு. அது மேல பனி விழுந்து பாலம் மாதிரி மூடிக்கும். காலையில அந்தப் பாலம் இறுகி இருக்கும், மதியத்துக்கு மேல வெயில்ல இளகிடும். அதனாலதான் கைடுங்க ஆரம்பத்துலேர்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருக்காங்க, நாம போட்டோக்கு நின்னா முகம் சுளிக்கிறாங்க. தப்பா எடுத்துக்காதீங்க.

எங்க கைடு வாலே பக்கத்து ஆளு, வயசு அம்பதைத் தாண்டியிருக்கும், பேச்சு கம்மி. குரூப்பை ஒரே ரோப்ல வரிசையா கட்டி, ரோப் தரையில இழுபடவும் கூடாது விறைப்பா இழுக்கவும் கூடாது, லேசா தொங்கிக்கிட்டு இருக்கணும்னு ஒரு தடவை சொன்னாரு. சொன்னது ஒரு தடவைதான், அப்புறம் யாராவது ரோப்பை சுருட்டி கையில பிடிச்சா திரும்பிப் பார்ப்பாரு, அவ்ளோதான், அந்தப் பார்வைக்கே கை தானா விட்டுடும். ரோப் நடைன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: உங்க வேகம் உங்களோடது கிடையாது. முன்னாடி போறவரு நின்னா நீங்களும் நிக்கணும், பின்னாடி வர்றவங்களுக்கு ஷூ லேஸ் அவுந்தா மொத்த வரிசையும் நிக்கும். எங்க குரூப்ல ஒருத்தரு நிமிஷத்துக்கு ஒருதரம் வீடியோ எடுத்து எல்லாரையும் கடுப்பேத்துனாரு. குரூப் டூர்ல இதெல்லாம் சேர்த்துதான் காசு. கூட ரெண்டு மூணு பேர் இருந்தா சேர்ந்து தனி கைடு போட்டுப் பாருங்க, தலைக்கு கொஞ்சம் கூட ஆகும், ஆனா நிம்மதி.

புலம்பல் ஒண்ணு வாடகை சாமான் பத்தி. ஹார்னஸும் க்ராம்பானும் ஒரு கடையில எடுத்தோம், பேரு வேணாம். ஹார்னஸ்னா ரோப்பை மாட்ட இடுப்புல கட்டுற பட்டை. க்ராம்பான்னா ஷூவுக்கு அடியில மாட்டுற இரும்புப் பல்லு. என் ஷூவை மேஜை மேல வச்சு மாட்டிப் பார்த்து அளவு சரி பண்ணித் தரணும், அதுதான் முறை, அந்தப் பையன் என்னடான்னா ஷூவோட சைஸ் நம்பரைக் கேட்டான், ஒரு ஸ்க்ரூவைத் திருப்புனான், பைக்குள்ள போட்டுக் குடுத்துட்டான், பின்னாடி வரிசை நிக்குது போங்கன்னு சொல்லாத குறை. மேல போய் மாட்டுனா வலது கால்ல குதிகால் பக்கம் ஒரு விரல் அளவு ஆடுது. கைடு பையிலேர்ந்து சின்ன கட்டிங் பிளேயரை எடுத்து, பனியில முட்டி போட்டு, என் காலைத் தன் தொடை மேல வச்சு, நடுப்பட்டையை ஒரு ஓட்டை உள்ள தள்ளி இறுக்கிக் குடுத்தாரு. க்ராம்பானை மாட்டுனதும் ஷூவைத் தூக்கி உதறுங்க, பட்டை கட்டாமலே அது ஷூவோட ஒட்டிக்கிட்டு நிக்கணும். அப்படி நின்னாதான் அளவு சரி. கடையிலயே உதறிப் பாருங்க, வரிசை காத்துக்கிட்டு நிக்கட்டும்.

யுங்ஃப்ராவ்யோக் ஸ்டேஷன், சுருக்கமா யோக், 3454 மீட்டர். 1912லேர்ந்து ரயில் ஓடுது, ஐகர் மலையைக் குடைஞ்சு பதினாறு வருஷம் வேலை பார்த்து போட்ட லைன், அதைப் பத்தி நெட்ல நிறைய இருக்கு, நான் எழுதல. நமக்கு வேண்டிய விஷயம், ரயில்ல உக்காந்தே அவ்ளோ உயரம் போயிடுறோம், உடம்புக்கு அந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரல. இறங்குனதும் லேசா தலை கிர்ருங்கும், நெத்திப்பொட்டு வலிக்கும், படி ஏறுனா மூச்சு வாங்கும். நிறைய தண்ணி குடிங்க, மெதுவா நடங்க. நல்லவேளை இந்த ரூட்டு இறக்கம், ஹட் 600 மீட்டர் கீழ இருக்கு, நடக்க நடக்க தலை தெளிஞ்சுடும். சுரங்கத்தைத் தாண்டி வெளிய வந்ததும் டூரிஸ்ட் கூட்டம் ஒரு பக்கம் சறுக்கு விளையாடிக்கிட்டு இருக்கும், நாம கயிறு கட்டிக்கிட்டு இன்னொரு பக்கம் திரும்பி இறங்குவோம், பத்து நிமிஷம் நடந்து திரும்பிப் பார்த்தா மேல ஸ்ஃபிங்ஸ்னு சொல்ற பார்வை மேடையில நிக்குற கூட்டம் எறும்பு மாதிரி தெரியுது, சத்தம் மட்டும் சுத்தமா நின்னுடுச்சு.

வெயில் பத்தி யாரும் ஒழுங்கா சொல்றதில்ல, அதனால நான் சொல்றேன். மேலேர்ந்து அடிக்கிற வெயிலுக்கு தொப்பி இருக்கு, கீழ பனியிலேர்ந்து திருப்பி அடிக்கிற வெயிலுக்கு ஒண்ணும் கிடையாது. தாடைக்கு அடியில, காது மடலுக்குப் பின்னாடி, மூக்கு ஓட்டைக்கு உள்ளாற விளிம்புல எல்லாம் சன்ஸ்கிரீன் தடவணும். நமக்குத்தான் கறுப்புத் தோலாச்சே ஒண்ணும் ஆகாதுன்னு என் மச்சினன் தடவல, மறுநாள் மூக்குக்குக் கீழ தோல் உரிஞ்சு, காபி குடிக்கவே ஸ்பூன் கேட்டான். கூலிங் கிளாஸ் ஃபேஷன் கண்ணாடியா இருந்தா பத்தாது, பக்கவாட்டுலயும் மறைக்கிற மாதிரி கறுப்பு அதிகமான கண்ணாடி வேணும், இல்லன்னா ராத்திரி கண்ணுல மண்ணு போட்ட மாதிரி உறுத்தும்.

நடை கஷ்டமான்னு கேட்டா, கால் வலிக்கிற நடை, பயமுறுத்துற நடை இல்ல. ஹட் போய்ச் சேர குரூப்போட வேகத்தைப் பொறுத்து நாலு அஞ்சு மணி நேரம் ஆகும். மேல பாதி பனியில தொப்பு தொப்புன்னு இறங்குவோம், கீழ வர வர பனி ஈரமாகி, முட்டி வரைக்கும் கால் உள்ள போகும், எடுத்து வச்சு எடுத்து வச்சு தொடை விண்ணுங்கும். அலுப்பு எங்க வரும்னா, தூரம் குறையாத இடத்துல வரும். யோக்லேர்ந்து வர்றது, எவிக்ஷ்னேஃபெல்ட் பக்கத்துலேர்ந்து வர்றது, பெரிய ஆலெட்ச்ஃபிர்ன், க்ரூனெக்ஃபிர்ன்னு நாலு பனி ஓடையும் கொங்கோர்டியாப்ளாட்ஸ்ல வந்து ஒண்ணா சேருது. அந்த இடம் சும்மா கிலோமீட்டர் கணக்குல விரிஞ்சு கிடக்கு, உங்க காலுக்கு அடியில 800 மீட்டருக்கு மேல ஐஸ் இருக்கு. அளக்க ஒரு மரம் கிடையாது, வீடு கிடையாது, கண்ணு ஏமாந்துடும். "மாமா, அதோ ஹட்டு, இன்னும் அரை மணி நேரம்தான்"னு மச்சினன் கையைக் காட்டுனான். அந்த அரை மணி நேரம் ரொம்ப நேரம் ஓடுச்சு. ஒவ்வொரு ஓடையும் தன் ஓரத்துல அள்ளிக்கிட்டு வந்த கல்லும் மண்ணும் சேர்ற இடத்துல நடுவுக்கு வந்து, கறுப்புக் கோடா கீழ வரைக்கும் ஓடுது. போட்டோல பார்க்குற அந்த ரெண்டு கறுப்புக் கோடு கிட்ட போனா என்னன்னு ஒரு நினைப்பு இருந்துச்சு, லாரி லாரியா ஜல்லி கொட்டுன மாதிரி இருக்கு, அதுல க்ராம்பானோட ஏறி இறங்குறது ஒரு தனி எரிச்சல்.

இப்ப படிக்கட்டு. கிளேசியர்லேர்ந்து ஹட்டுக்கு ஏற பாறையில இரும்புப் படிக்கட்டு அடிச்சு வச்சிருக்காங்க, நானூறு படிக்கு மேல, சுமார் 150 மீட்டர் உயரம். 1877ல மொத ஹட் கட்டுனப்போ ஐஸ் கிட்டத்தட்ட 50 மீட்டர் கீழ இருந்துச்சாம், சும்மா நாலு எட்டு ஏறுனா வீடு. ஹட் இருக்குற இடம் அதேதான், ஐஸ்தான் கீழ இறங்கிடுச்சு. ஐஸ் இறங்க இறங்க இவங்க கீழ கீழ புதுசா படி சேர்த்துக்கிட்டே வர்றாங்க. சூடு ஏறுது கிளேசியர் உருகுதுன்னு நியூஸ்ல கேட்டு கேட்டு நமக்கு மரத்துப் போச்சு, 2022லயும் 2023லயும் சேர்த்து ஸ்விஸ் கிளேசியருங்க மொத்தத்துல பத்துல ஒரு பங்கு ஐஸ் போயிடுச்சுன்னு படிச்சப்ப கூட எனக்கு ஒண்ணும் பெருசா தோணல. இங்க அஞ்சு மணி நேரம் நடந்துட்டு, முதுகுல பையோட, ஒவ்வொரு படியா ஏறும்போது நூத்தம்பது வருஷத்துல ஐஸ் எவ்ளோ இறங்கியிருக்குன்னு தொடை எலும்பு சொல்லுது. பாதியில ஒரு திருப்பத்துல நின்னு மூச்சு வாங்குறப்ப பக்கத்துல பாறையைப் பாருங்க, பழைய ஐஸ் தேய்ச்ச இடம் வெளுத்து வழவழன்னு இருக்கும், அதுக்கு மேல பாறை கறுத்து பாசி பிடிச்சு இருக்கும், நடுவுல கோடு போட்ட மாதிரி எல்லை தெரியும்.

உயரத்துக்குப் பயப்படுறவங்களுக்கு நேரா சொல்லிடுறேன், படி கம்பி வலை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கு, காலுக்குக் கீழ அடி வரைக்கும் தெரியும். கைப்பிடி இருக்கு, உறுதியா இருக்கு, ஆனா முன்னாடி போறவங்க நடந்தா லேசா அதிரும். எங்க குரூப்ல ஒரு அம்மா கிளேசியர்ல வெடிப்பைத் தாண்டறப்ப எல்லாம் ஜாலியா வந்தவங்க, இந்தப் படிக்கட்டுல கண்ணை மூடிக்கிட்டு கைடோட பையைப் பிடிச்சுக்கிட்டுதான் ஏறுனாங்க. படிக்கட்டை விட்டா வேற வழி கிடையாது, காலையில இதே படியில இறங்கவும் செய்யணும், அதை யோசிச்சு முடிவு பண்ணுங்க.

ஹட்டுக்குள்ள நுழையறப்பவே ஒரு ரூம்ல ஷூவைக் கழட்டி அலமாரியில வச்சுட்டு, க்ராம்பான், கோடாலி, ஸ்டிக் எல்லாம் அங்கேயே விட்டுட்டு, அவங்க வச்சிருக்குற ரப்பர் செருப்பை மாட்டிக்கணும். நாள் முழுக்க அந்த ஷூவுல வெந்த காலுக்கு அந்தச் செருப்புல நுழையற சுகத்தை எழுதி விளக்க முடியாது. உள்ள போன உடனே ஹட் நடத்துற அம்மா பேரு கேட்டு, பெட் நம்பர் சொல்லி, சாப்பாட்டு மேஜை எதுன்னு காட்டி, ஒரு நோட்டை முன்னாடி தள்ளுனாங்க. பேரு, எத்தனை பேரு, எங்கேர்ந்து வர்றீங்க, நாளைக்கு எந்தப் பக்கம் போறீங்க, எல்லாம் எழுதணும். சும்மா ஃபார்மாலிட்டின்னு கிறுக்காதீங்க, யாராவது வந்து சேரலைன்னா எந்தப் பக்கம் தேடறதுன்னு இந்த நோட்டைப் பார்த்துதான் முடிவு பண்ணுவாங்க.

தூங்குறது டார்மிட்டரி, வரிசையா மெத்தை, மேல கீழன்னு ரெண்டு தட்டு. கம்பளி, தலகாணி குடுப்பாங்க, ஆனா உள்ள நுழைஞ்சு படுக்குற மெல்லிசு துணிப்பை நீங்கதான் கொண்டு போகணும், இந்த மாதிரி ஹட்டுங்களை வச்சிருக்குற ஸ்விஸ் ஆல்பைன் கிளப்போட ஹட்டு எல்லாத்துலயும் இது கட்டாயம். கம்பளியை தினம் துவைக்க தண்ணி எங்க இருக்கு, அதனாலதான். பட்டுத்துணியில வர்றது உள்ளங்கை அளவுதான் இருக்கும். காதுக்கு பஞ்சு கொண்டு போங்க. டார்மிட்டரியில ஆண் பெண் தனித்தனின்னு கிடையாது, எல்லாரும் ஒரே ரூம், யாரும் யாரையும் பார்க்குறதில்ல, அவங்கவங்க அலுப்பு அவங்கவங்களுக்கு. வீட்டுப் பொம்பளைங்களோட போறவங்க இதை முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டு போங்க, அங்க போய் முழிக்க வேணாம்.

தண்ணி விஷயத்துல கோவப்படாதீங்க. இந்த உயரத்துல தண்ணின்னா உருகுன பனிதான், அதை அப்படியே குடிக்கக் கூடாது, கொதிக்க வைக்கணும், கொதிக்க வைக்க கேஸ் வேணும், கேஸ் ஹெலிகாப்டர்ல வருது. பாட்டில் தண்ணி விலை கீழ சூப்பர்மார்க்கெட் விலையோட ஒப்பிட்டா நெஞ்சு வலிக்கும், ஒப்பிடாதீங்க. நடைக்கு எடுத்துட்டுப் போற டீ போட்டு வைப்பாங்க, காலையில பாட்டில்ல ஊத்திக்கலாம், லேசா இனிப்பு போட்ட அந்த டீ ஐஸ் நடுவுல நின்னு குடிக்கிறப்ப என்னா ருசி. குளிக்கிறது எல்லாம் மறந்துடுங்க, ஈர டிஷ்யூ கொண்டு போங்க, கொண்டு போன குப்பையை திருப்பி நீங்களேதான் எடுத்துட்டு வரணும்.

சாப்பாடு நான் எதிர்பார்த்ததை விட பிரமாதம். ராத்திரிக்கு மொதல்ல சூப்பு, பெரிய பாத்திரத்துல நடு மேஜையில வச்சுடுவாங்க, எவ்ளோ வேணா ஊத்திக்கலாம், நல்ல உப்பு, உடம்புக்கு அந்த உப்புதான் அப்ப வேண்டியிருக்கு. அப்புறம் மக்ரோனியும் உருளைக்கிழங்கும் சேர்த்து சீஸ் உருக்கி மேல வெங்காயம் வறுத்துப் போட்டது, தொட்டுக்க ஆப்பிள் கூழ். கேக்கவே விசித்திரமா இருக்குல்ல, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, ரெண்டாவது தட்டு வாங்கிச் சாப்ட்டேன். வெஜிடேரியன்னா புக் பண்றப்பவே எழுதிடுங்க, அன்னிக்கு எத்தனை பேரோ அத்தனை பேருக்குத்தான் அளந்து சமைப்பாங்க, மேஜையில உக்காந்துட்டு நான் கறி சாப்ட மாட்டேன்னு சொன்னா அவங்க என்ன பண்ணுவாங்க. மிளகாய்ப்பொடி ஒரு சின்ன பொட்டலம் பையில இருந்துச்சு, பக்கத்துல இருந்த ஜெர்மன்காரரு கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டாரு, அப்புறம் அவர் தண்ணி செலவுக்கு நான் பொறுப்பில்ல.

சாப்பாடு முடிஞ்சு வெளிய திண்ணை மாதிரி இருக்குற இடத்துல உக்காந்தோம். டூரிஸ்ட்டுங்க கடைசி ரயில்ல இறங்கிட்ட பிறகு அந்த மொத்தப் பள்ளத்தாக்கும் ஹட்ல இருக்குறவங்களுக்கு மட்டும்தான். எதிர்ல ஆலெட்ச்ஹார்ன், 4190 மீட்டருக்கு மேல, வெளிச்சம் மாறி மாறி அது நிறம் மாறுறதைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம். கீழ ஐஸ் அப்பப்போ டப்புனு சத்தம் போடும், எங்கயோ கல்லு உருளும். இதுக்குத்தான் ஹட்ல தங்கணும்னு சொல்றேன், யோக்குக்கு ரயில்லயும், ஃபீஷரால்ப்புக்கு மேல இருக்குற எக்கிஸ்ஹார்னுக்கு கேபிள் கார்லயும் போய்ப் பார்க்குறவங்களுக்கும் கிளேசியர் தெரியும், ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அவங்களுக்கு அது கிடையாது. பத்து மணிக்கு லைட் அணைச்சிடுவாங்க. சிகரம் ஏறப் போறவங்க விடியறதுக்கு முன்னாடி மூணு நாலு மணிக்கே எழுந்து தலையில டார்ச்சைக் கட்டிக்கிட்டு, பிளாஸ்டிக் பையை மொற மொறன்னு பிரிச்சு நம்ம தூக்கத்தைக் கெடுப்பாங்க, சாமானை எல்லாம் ராத்திரியே வெளிய வச்சுட்டுப் படுங்கன்னு போர்டு போட்டும் கேக்க மாட்டேங்குறாங்க. என் ஒரே புகார் அந்த மொற மொற.

அடுத்த நாள் நடை வேற ரகம். கீழ்ப்பாதியில கோடையில பனி இருக்காது, வெறும் ஐஸ், வெடிப்பெல்லாம் வாயைத் திறந்துக்கிட்டு கண்ணு முன்னாடி இருக்கும். தெரியுறதால பயம் குறைவு, ஆனா சுத்திச் சுத்திப் போகணும், நேரா போனா அரை மணி நேரத் தூரத்துக்கு ரெண்டு மணி நேரம் ஆகுது. க்ராம்பான் பல்லு ஐஸ்ல இறங்குற சத்தம் கறக் கறக்னு நாள் முழுக்க காதுல கேட்டுக்கிட்டே இருக்கும். வெடிப்பு ஓரத்துல கைடு ரோப்பை இறுக்கிப் பிடிச்சுக்க, ஒவ்வொருத்தரா போய் எட்டிப் பார்த்தோம். மேல வெள்ளை, கொஞ்சம் உள்ள வெளிர் நீலம், அதுக்கும் கீழ மை கொட்டுன மாதிரி நீலம், ஐஸ் சிவப்பு வெளிச்சத்தை உறிஞ்சிக்கிறதால ஆழம் ஆக ஆக நீலம் மட்டும்தான் மிஞ்சுதாம். உருகுன தண்ணி ஐஸ் மேல சின்ன ஓடையா சலசலன்னு ஓடி வந்து, திடீர்னு ஒரு வட்டக் குழிக்குள்ள சுழிச்சுக்கிட்டு இறங்கிக் காணாமப் போகுது, அந்தக் குழிக்குப் பக்கத்துல யாரையும் விடல. பெரிய பலகைக் கல்லு ஒண்ணு ஐஸ் காம்பு மேல மேஜை மாதிரி நிக்குது, கல்லு நிழல் விழுந்த இடத்துல மட்டும் ஐஸ் உருகாம தங்கிடுச்சு.

டீ குடிக்க நின்னப்ப கைடு மெதுவா சொன்னாரு, 1926ல பக்கத்துப் பள்ளத்தாக்கு ஊரைச் சேர்ந்த மூணு அண்ணன் தம்பிங்க பனிப்புயல்ல இந்தக் கிளேசியர்ல காணாமப் போயிட்டாங்க, 2012ல எலும்பும் சாமானும் ஐஸ்ல மேல வந்துச்சு, டிஎன்ஏ பார்த்துதான் உறுதி பண்ணாங்க. 1968ல விழுந்த சின்ன விமானத்தோட பாகம் 2022ல வெளிய வந்துச்சு. கிளேசியர் வாங்குனதைத் திருப்பிக் குடுக்குது ஆனா அவசரப்படாதுன்னாரு. அதுக்கப்புறம் வீடியோக்காரரு கூட ரோப்பை ஒழுங்கா பிடிச்சுக்கிட்டு வந்தாரு.

மேர்யெலென்னு ஒரு இடத்துக்கிட்ட ஐஸை விட்டு பாறையில ஏறுறப்ப க்ராம்பானைக் கழட்டுவோம். கால் என்னமோ பறக்கும். அங்க ஒரு காலத்துல கிளேசியரே அணை மாதிரி தண்ணியைத் தேக்கி, பெரிய ஏரி ஒண்ணு இருந்துச்சாம், திடீர் திடீர்னு அணை உடைஞ்சு கீழ ஊரை அடிச்சிட்டுப் போயிருக்கு, இப்ப ஐஸ் வத்திப் போய் சின்னச் சின்னக் குட்டைதான் மிச்சம். க்ளெட்ஷர்ஷ்டூபன்னு அங்க ஒரு சின்ன ஹட் இருக்கு, பழ டார்ட் சாப்டுங்க. அப்புறம் சுமார் ஒரு கிலோமீட்டர் சுரங்கம், ஆளுங்க நடந்து போற சுரங்கம், உள்ள ஜில்லுனு இருக்கும், அதைத் தாண்டுனா ஃபீஷரால்ப் பக்கம் புல்லு, மாட்டு மணி, பச்சை. ரெண்டு நாள் வெள்ளையும் கறுப்பும் மட்டுமே பார்த்த கண்ணுக்கு அந்தப் பச்சை கூசும். கீழ ஃபீஷ் ஊர்ல இன்னொரு கதை, கிளேசியர் வளர்ந்து ஊரை விழுங்கிடும்னு பயந்து 1678ல நேர்ந்துக்கிட்டு, வளராம இருக்கணும்னு வருஷா வருஷம் ஜெபம் பண்ணிட்டு வந்திருக்காங்க. அது ரொம்ப நல்லாவே பலிச்சுடுச்சு. இப்ப உருகாம இருக்கணும்னு ஜெபத்தை மாத்திக்க வாடிகன்ல அனுமதி கேட்டு, 2010 வாக்குல போப் சரின்னு சொன்னாரு.

காசு கணக்கு. ஆல்பைன் கிளப் ஹட்டுல ராத்திரி, காலை சாப்பாட்டோட தலைக்கு சுமார் 80லேர்ந்து 100 ஃப்ராங்க் வரும், கிளப் மெம்பர்னா குறையும், தண்ணி டீ தனி. யோக் ரயில் டிக்கெட்தான் கொடுமை, ஹாஃப் ஃபேர் கார்டுன்னு ஸ்விஸ் ரயில் தள்ளுபடி கார்டு இருந்தா நல்லா குறையும், அதோட ஒரு வழி டிக்கெட் போதும், திரும்பி அந்தப் பக்கம் வரவே போறதில்லையே. இதை மறந்து ரிட்டர்ன் எடுக்குறவங்க இருக்காங்க. பெரிய பையை இண்டர்லாக்கன்ல விட்டுட்டுப் போனா, ஃபீஷ்லேர்ந்து ரயில்ல பிரிக் வந்து, லோட்ச்பெர்க் சுரங்கம் வழியா ஷ்பீட்ஸ் வந்து, திரும்பி இண்டர்லாக்கன் வரணும், ரெண்டு ரெண்டரை மணி நேரம் வச்சுக்கோங்க. மலையில மீட்க ஹெலிகாப்டர் வந்தா பில் வீட்டுக்கு வரும், அதனால இன்சூரன்ஸ்ல மலை மீட்பு சேர்ந்திருக்கான்னு படிச்சுப் பாருங்க. வாலே பக்கம் எமர்ஜென்சிக்கு 144.

ஜூன் கடைசியிலேர்ந்து செப்டம்பர் வரைக்கும்தான் நடை சீசன். சனிக்கிழமை ராத்திரிக்கு ஹட்ல இடம் கிடைக்குறது கஷ்டம், வார நாள்ல போங்க, ஆன்லைன்ல புக் பண்ணலாம். வர முடியலைன்னா கண்டிப்பா கேன்சல் பண்ணிச் சொல்லிடுங்க, சொல்லாம விட்டா காசும் போகும், நீங்க வழியில மாட்டிக்கிட்டீங்களோன்னு அவங்க தேட ஆரம்பிச்சிடுவாங்க. சின்னக் குழந்தைங்க, முட்டி வலிக்காரங்க, படிக்கட்டுல கீழ பார்த்தா தலை சுத்துறவங்க இந்த ரூட்டு வேணாம், அவங்களுக்கு வாலே பக்கத்து ஊரான ரீடரால்ப்லேர்ந்து ஆலெட்ச் காடு வழியா ஓரமா நடக்குற பாதை இருக்கு, நூத்துக்கணக்கான வருஷத்து பைன் மரம், பெலால்ப் பக்கம் தாண்ட 124 மீட்டர் நீளத்துக்கு தொங்கு பாலம், கிளேசியர் தள்ளித் தெரியும், கேபிள் காரில இறங்கி சாயங்காலம் ஹோட்டல்ல ஷவரும் உண்டு. மத்தவங்க எல்லாரும் கொங்கோர்டியாவுக்கே புக் பண்ணுங்க. அஞ்சுக்கு நாலரை, அரை ஸ்டாரை அந்த மொற மொற பிளாஸ்டிக் பைக்காரங்க கிட்ட வாங்கிக்கோங்க.